இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ஆராய்ச்சிக் கட்டடத்தில் எண்ணெயைப் பற்றி யாரும் பேச முடியாது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்போம். உணவுக்கூடத்தில் ஆவி பறக்கும் வெள்ளை ரொட்டியும் வெங்காயத்தாளும் சோயாத் துவையலும் தின்றுவிட்டு வந்து, மேசைக்கடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டுச் சாய்ந்தால், மூன்று மாடியும் ஒரே சீராக மூச்சுவிடும். வெளியே எண்ணெய்ப் பம்புகள் மட்டும் தூங்காது. எங்கள் ஊரான தோங்யிங்கில் அவை இல்லாத இடம் இல்லை. பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால், குடியிருப்புகளுக்கு நடுவில், நாணல் காட்டில், நின்ற இடத்தில் நின்று கும்பிட்டுக் கும்பிட்டு எழுந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்குத் தூக்கமே வரும்.

என் பெயர் பியான் யூலிங். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலே வரும் கல்துணுக்குகளைக் கழுவி, கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்து, இது எந்தக் காலத்து ஏரியின் அடிமண் என்று சொல்வது என் வேலை. என் கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். கல் இல்லாவிட்டால் சூரியகாந்தி விதை. என் எதிர்மேசைக்காரி லுவான் பெய்யுன் கையில் ஒன்றும் இருக்காது. ஏனென்றால் அவள் வேலையே இல்லாததைப் பற்றியது. அதாவது, மண்ணுக்குள் இருந்தும் நமக்கு இன்னும் அகப்படாதது. இதுவரை கண்டுபிடித்த எண்ணெயை வைத்து, இனிமேல் கண்டுபிடிக்க எவ்வளவு பாக்கி என்று சொல்ல வேண்டும். அதற்கு அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எனக்கும் கிட்டத்தட்ட அதே சம்பளம்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அவளைப் பார்த்தால் தூங்கி எழுந்தவள் போலவே இருப்பாள். பேசும்போது பாதி வாக்கியத்தில் ஜன்னலுக்கு வெளியே போய்விடுவாள். ஆறு கொண்டுவந்து கொட்டும் சேற்றில் ஆண்டுதோறும் புதிதாகத் தரை முளைக்கிற ஊர் எங்களுடையது. போன வருடம் மீன் பிடித்த இடத்தில் இந்த வருடம் சவுக்குப் போன்ற செடி நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் பிழைப்பதற்கு இவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று நினைத்துக்கொள்வேன்.

"பெய்யுன் கணக்கப் போடுறது மேசையில இல்லய்யா, கட்டில்ல" என்று தலைமைப் புவியியலாளர் ஷிங் எல்லோரிடமும் சொல்வார். அதில் பாதி உண்மை. அவளுக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். எங்கள் பக்கத்துக் குளிர்கால வீடு. அடியில் அடுப்புச் சூடு ஓடும் அகலமான செங்கல் படுக்கை. அதில் எண்ணெய்த் தேக்கங்கள் பிள்ளைகளைப்போல வரிசையாகப் படுத்திருக்கும். பெரியது சுவரோரம். அடுத்தது, அதற்கடுத்தது என்று உருவம் சிறுத்துக்கொண்டே போகும். அவள் விளக்கோடு நடந்து ஒவ்வொன்றுக்கும் போர்வையை இழுத்துவிடுவாள். இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் வருவாள். அங்கே தலையணை இருக்கும். அதில் தலை வைத்த குழி இருக்கும். ஆள் இருக்காது.

இது வெறும் கனவு இல்லை, அவள் கணக்கும் இதைத்தான் சொன்னது. பூமி எண்ணெயைக் கன்னாபின்னாவென்று ஒளித்துவைப்பதில்லை. ஒரு வட்டாரத்தில் பெரிய தேக்கம் ஒன்றிரண்டு, நடுத்தரம் சில, பொடிசு ஏராளம் என்று ஒரு ஒழுங்கு உண்டு. கண்டுபிடித்தவற்றை உயர வரிசையில் நிறுத்திவைத்தால், எந்த உயரத்தில் ஆள் குறைகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் வட்டாரத்தில் முதலாவதில் எட்டுக் கோடி டன். இரண்டாவதில் ஐந்து. பிறகு சட்டென்று இரண்டரைக்கு இறங்கிவிட்டது. நடுவில் மூன்றரைக் கோடி டன் அளவில் ஒன்று இருந்தே ஆக வேண்டும், இந்த இரண்டரை மூன்றாவது இல்லை, நான்காவது என்று பெய்யுன் அடித்துச் சொன்னாள்.

அடித்துச் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் வீட்டில் அவளே நான்காவது.

எங்கள் பக்கம் பிள்ளைகளைப் பெயர் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்? பெரியது, இரண்டாவது, மூன்றாவது என்று எண்தான். செத்துப்போன பிள்ளைக்கும் அதன் எண் அதற்கே. பெய்யுன் வீட்டில் பெரியவன் யந்தாயில் கப்பல் பட்டறையில் இருந்தான். இரண்டாவது ஜிநானில் பள்ளிக்கூட ஆசிரியை. அடுத்தது இவள்தான். இவள் பிறந்த நாளிலிருந்து அம்மா கூப்பிட்டது 'நாலு' என்று.

"மூணாவது எங்கம்மா?" என்று சின்ன வயதில் கேட்டாளாம்.

"எண்ணும்போது ஒன்னு தவறிப்போச்சு" என்றாளாம் அம்மா.

நாற்பது வயதிலும் அதே கேள்வி, அதே பதில். அப்பா சொல்லாமலே செத்துப்போனார். பெரியவனைக் கேட்டால் பேச்சை மாற்றுவான். ஊரில் கல்லறை மேட்டில் சின்ன மண்குவியல் ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்தாள், இல்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டி, நெஞ்சுவலி மாத்திரை நாக்கடியில் வைக்கும் நிலைமை. அம்மா போய்விட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை. ஒரு நாள் கட்டிலில் படுத்தபடி அவள் சொன்னாள்.

"எண்ணுறதுல தவறாதுடி யூலிங். நான் இந்தத் தொழில்தானே பண்றேன். எண் தவறினா அங்க ஒரு ஆளு இருக்குன்னு அர்த்தம்."

"இருந்துட்டுப் போகுது. தூங்கு."

"எங்கம்மா வாயால ஒரு தடவ கேட்டாப் போதும். யாருன்னு."

நான் ஒரு கை விதையை அவள் கட்டிலில் வைத்தேன். 

அவளுடைய மூன்றாவதை நம்பித்தான் அந்த ஆண்டு கிணறு தோண்டும் மூன்று ரிக்குகள் எங்கள் வட்டாரத்தில் நின்றன. இல்லாவிட்டால் எப்போதோ அவற்றைப் பிரித்து ரயிலில் ஏற்றி, மேற்கே சிஞ்சியாங் பாலைவனத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அங்கேதான் அப்போது புது எண்ணெய் என்று நாடே பேசிக்கொண்டிருந்தது. அந்த மூன்றில் ஒரு ரிக்குக்குத் தலைவர் லுவான் பெய்ஷான். பெய்யுனின் பெரியப்பா மகன். ஊரில் பெரியப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளை. இவளைவிட இரண்டு வயது மூத்தவர். ரிக் இரைச்சலில் கத்திக் கத்தி, சும்மா பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும் குரல். நாங்கள் எல்லோரும் ஷான் அண்ணன் என்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் பெய்யுன் வீட்டுக்கு வந்துவிடுவார். நாணல் குச்சியில் கோத்த ஆற்று மீனோடு வருவார். நானும் தவறாமல் போய்விடுவேன். என்னை யாரும் கூப்பிட்டதில்லை, நான் போகாமல் இருந்ததும் இல்லை.

"சித்தி! அடுப்பு எரியுதா? மீனு வருது!" என்று மாடிப்படியிலிருந்தே குரல் வரும்.

"மெதுவாப் பேசுடா. மேல்வீட்டுக் குழந்த எந்திரிச்சிரும்" என்பாள் அம்மா. முகம் மட்டும் மலர்ந்திருக்கும்.

மீனின் வயிற்றுத் துண்டு அவர் கிண்ணத்துக்குப் போகும். அதுவும் அம்மா முள்ளை எடுத்த பிறகுதான் போகும். எனக்கு எப்போதும் வால். பெற்ற மகள் பெய்யுனுக்கு நடுமுதுகு. "கிழவிக்கு ரிக் தலைவர்னா தனி மரியாத" என்று நான் முணுமுணுப்பேன். அவருக்கும் பெய்யுனுக்கும் முகஜாடை ஒன்றுதான். பெரியப்பா மகன் என்றால் இருக்கத்தானே செய்யும்?

"நாலு, ஒரு விஷயம் கேக்குறேன்" என்பார் வாய் நிறைய மீனோடு. "எத்தன இருக்குன்னு சொல்ற. எவ்ளோ பெருசுன்னு சொல்ற. எங்க இருக்குன்னு கேட்டா மட்டும் பல்லக் காட்டுற. பொண்ணு இருக்கு, லட்சணமா இருக்கு, ஊரு மட்டும் தெரியாதுன்னா நான் எங்க போயிப் பொண்ணு பாக்குறது?"

"அது உங்க பாடுண்ணா. இருக்குன்னு சொல்றது என் வேல. எங்கன்னு கண்டுபுடிக்கிறது உங்க வேல."

"நல்ல வேலடி ஒன்னோடது! நான் சேத்துல முங்குறேன், நீ கட்டில்ல கனா காணுற."

அம்மா சிரித்துக்கொண்டே அவர் கிண்ணத்தில் இன்னொரு துண்டு வைப்பாள்.

மூன்றாவதைத் தேடி முதல் கிணறு தோண்டினார்கள். உப்புத் தண்ணீர். இரண்டாவது கிணறும் அப்படியே. ஷிங் கேலியைக் குறைத்துக்கொண்டார். அவர் கேலி செய்யாவிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம். பெய்யுன் மட்டும் அசையவில்லை. மூடுபனி வந்து பம்புகளின் தலைகளை விழுங்கிய ஒரு வசந்தகாலக் காலையில், ஜன்னலருகே நின்று, "இங்கதான் எங்கயோ இருக்கு. நம்மளப் பாத்துட்டே இருக்கு" என்றாள்.  எண்ணெயைப் பற்றிச் சொன்னாளா, வேறு எதையாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

விஷயம் உடைந்தது ஒரு மதியத் தூக்கத்தில்தான். பனி விலகி வெயில் வந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. நாணல் பஞ்சு மிதந்து உள்ளே வந்து எங்கள் போர்வை மேலெல்லாம் படிந்துகொண்டிருந்தது. நான் முக்கால் தூக்கத்தில் இருந்தேன். கீழே வாசலில் இரண்டு பேர் கத்த ஆரம்பித்தார்கள். தூங்கும் நேரத்தில் கத்துகிறவன் எங்கள் ஊரில் ஒன்று வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லை எண்ணெய் எடுக்கும் பிரிவுத் தலைவனாக இருப்பான். இவர்கள் தலைவர்கள். வடநாணல் எண்ணெய் வயலின் ஃபூவும் உப்புத்துறை எண்ணெய் வயலின் தோங்கும்.

"யோவ் தோங்! எண்ணெய மேல தள்ளுறேன்னு ஒங்க ஆளுங்க எந்தப் பாதாளத்துலய்யா தண்ணியக் கொட்டுறாங்க? எங்க கெணத்துல எண்ணெயே காணோம், ஒங்க தண்ணிதான் வருது!"

"தண்ணியில எங்க பேரா எழுதியிருக்கு? ரெண்டுக்கும் நடுவுல பாற முறிஞ்சு செவுரு மாதிரி நிக்குது. படத்தப் பாருய்யா."

"படம் என்ன படம்! நீங்க பம்ப நிறுத்துறப்பல்லாம் இங்க தண்ணி நிக்குது. ஓட்டுனா வருது. செவுராம் செவுரு!"

"அப்ப ரெண்டு வயலும் ஒன்னுங்கிறியா? அப்படின்னா அன்னிக்கு மேடையில வாங்குன செவப்புப் பட்டுப் பூவக் குடு இங்க!"

"நான் ஏன்யா குடுக்கணும்? மொதல்ல நீ குடு!"

அந்தச் சிவப்புப் பட்டுப் பூவின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். தேசிய தினத்துக்கு ஒவ்வொரு பிரிவும் நாட்டுக்குப் பரிசாக ஒரு புது வயலைக் கொடுப்பது வழக்கம். கொடுக்காவிட்டால் மானம் போய்விடும். பல வருடங்களுக்கு முன் ஒரு தேசிய தினத்தில் ஃபூ கொட்டு முழக்கத்தோடு வடநாணலை அறிவித்தார். அதே மேடையில் தோங் உப்புத்துறையை அறிவித்தார். ஆளுக்கொரு பூ, ஆளுக்கொரு புகைப்படம். இரண்டு வயலுக்கும் நடுவே முறிவு ஒன்று இருப்பதாக வரைபடத்தில் தடித்த கோடு விழுந்தது. அங்கே ஒரு கிணறு தோண்டிக் கோட்டைச் சரிபார்க்க யாருக்கும் அவசியம் வரவில்லை. இரண்டு பேருக்கும் பிடித்த கோட்டை யார் அழிப்பார்?

நான் ஜன்னலைச் சாத்த எழுந்தேன். பெய்யுன் கண்ணைத் திறந்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யூலிங். அது ஒன்னுதான்."

"எது?"

"வடநாணலும் உப்புத்துறையும். ரெண்டு பேரு வச்சிருக்காங்க. ஆளு ஒன்னுதான்."

எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடியில் நாணல் பஞ்சு. வடநாணலில் ஒன்றே முக்கால் கோடி டன், உப்புத்துறையில் ஒன்றே முக்கால் கோடி டன். பொடிசுகளோடு பொடிசாகத் தனித்தனியே கடைசி வரிசையில் நின்றிருந்தன. சேர்த்தால் மூன்றரை. நேராகப் போய் இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் நின்றுகொள்ளும். வரிசையில் இடைவெளியே இல்லை.

"அடிப்பாவி" என்றேன். "மூணாவது கெடச்சிருச்சா!"

அவள் சந்தோஷப்படவில்லை. அதுதான் எனக்குப் புரிய நேரமாயிற்று. மூன்றாவது கிடைத்துவிட்டது என்றால், கண்டுபிடிக்க மூன்றாவது இல்லை. பாக்கி இருப்பதெல்லாம் பொடிசு. அதற்கு மூன்று ரிக் வேண்டாம். அவள் வாயைத் திறந்தால் ரிக்குகள் சிஞ்சியாங் போகும், ஷான் அண்ணனும் போவார். திறக்காவிட்டால் இல்லாத ஒன்றைத் தேடி அந்த மனிதர்கள் இன்னும் சில வருடம் சேற்றில் தோண்டுவார்கள். அதற்கடுத்த சில மதியங்கள் அவள் தூங்கவில்லை. கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். மூச்சு மட்டும் தூங்குகிறவள் மூச்சாக இருக்காது.

"சொல்லாம விட்டா யாருக்குடி தெரியப்போகுது?" என்று நானே கேட்டேன்.

"எனக்குத் தெரியுமே."

ஷிங் அறைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். ஷிங் கெட்டவர் இல்லை. பெரிய எண் பிடிக்கும், அவ்வளவுதான். அவள் சொல்லி முடிக்கும்வரை தேநீர்க் குவளை மூடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பிள்ளையப் பெத்ததே நீதாம்மா. இப்ப நீயே வந்து இல்லேங்கிற."

"இல்லேன்னு சொல்லலங்கய்யா. ஏற்கெனவே நம்ம வீட்டுலதான் இருக்குன்னு சொல்றேன்."

"மேலிடத்துக்கு நான் என்னன்னு எழுதுறது? மூன்றரைக் கோடி டன்னு கைதவறி விழுந்திருச்சுன்னா?"

"ரெண்டு தலைவரையும் கெணத்த மூடச் சொல்லிப் பாருங்க. ஒரு பக்கம் மூடினா இன்னொரு பக்கம் அழுத்தம் ஏறும். ஏறலன்னா நான் சொன்னது தப்பு."

மூடிப் பார்த்தார்கள். ஏறியது. வரைபடத்திலிருந்து கோட்டை எடுத்தார்கள். பட்டுப் பூக்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கோடைக்காலம் முடிவதற்குள் மூன்று ரிக்குகளையும் சிஞ்சியாங்குக்கு அனுப்ப உத்தரவு வந்தது. ஷான் அண்ணன் அந்த வாரம் சாமான் பிரிக்கும் வேலையில் இருந்ததால், வீட்டுக்குச் செய்தியைப் பெய்யுன்தான் கொண்டுபோனாள். ஊறுகாய் வாங்கும் சாக்கில் நானும் கூடப் போனேன்.

அம்மா பலகையில் பூண்டுத்தழை அரிந்துகொண்டிருந்தாள்.

"பெய்ஷான் அண்ணன் சிஞ்சியாங் போறாரும்மா. ரிக்கோட."

கத்தி நின்றது. "எப்ப வருவான்?"

"தெரியல. அங்க பெரிய வேல. வருஷக்கணக்கா ஆகும்."

"யாரு அனுப்புறது?"

"யாரும் அனுப்பலம்மா. கணக்கு அப்படி வந்துச்சு. இங்க தேட ஒன்னும் பாக்கியில்ல."

"கணக்கு யாரு போட்டது?"

 "நான்தான்" என்றாள் பெய்யுன்.

அம்மா பலகையைப் பார்த்தபடியே பேசினாள். குரல் எங்களுக்கானதாக இல்லை.

"ஒரு தடவ குடுத்தாச்சு அவன. திரும்பவும் குடுக்கணுமா?"

பிறகு மறுபடி அரிய ஆரம்பித்தாள். கண்ணீர் கையில் விழுந்தது, தழையில் விழுந்தது. துடைக்கவில்லை. அவள் புருஷன் செத்தபோதுகூட அழாதவள் என்று பெய்யுன் எனக்குச் சொல்லியிருக்கிறாள். என் வாயில் இருந்த விதையை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

 நாற்பது வருடம் கேட்ட கேள்வியைப் பெய்யுன் அந்த நிமிடத்தில் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, மாடிப்படியில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு பம்பு கும்பிட்டுக்கொண்டிருந்தது. 

"பெரியப்பாவுக்குச் சொந்தப் பிள்ள இல்ல" என்றாள். "அண்ணன் வீட்டுல வாரிசு இல்லேன்னா தம்பி வீட்டுப் பையனக் குடுக்குறதுதானே வழக்கம். நான் பொறக்குறதுக்கு முன்னாடி எங்கம்மா அவரக் குடுத்திருக்கா. பெரியப்பா வீட்டுப் பேரு. எங்க வீட்டு ஆளு."

"ஒனக்கு ஒரு தடவகூடச் சந்தேகம் வரலியா?"

"அவரு அங்க மொதப் பிள்ளடி. நான் இங்க மூணாவதத் தேடினேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பெரியம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருப்பா, வாயத் தொறக்கமாட்டேன்னு. தொறக்கவும் இல்ல. ஆனா பாரு யூலிங், எனக்கு மூணுன்னு பேரு வைக்கல. நாலுன்னு வச்சா. அவரு எடத்த அப்படியே விட்டு வச்சிருக்கா. நான் தெனம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன், அவ தெனம் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கா."

அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அழ என்ன உரிமை என்று கேட்காதீர்கள்.

ஊரைவிட்டுப் போகிறவர்களுக்குக் கொழுக்கட்டை, திரும்பி வருகிறவர்களுக்கு நூடுல்ஸ். அதுதான் எங்கள் வீடுகளில் முறை. ரயிலுக்கு முந்தைய நாள் ஷான் அண்ணன் சாப்பிட வந்தார். மீன் இல்லாமல் வெறுங்கையோடு அவர் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பன்றிக்கறியும் பூண்டுத்தழையும் வைத்து நாங்கள் மூன்று பேரும் காலையிலிருந்து கொழுக்கட்டை பிடித்தோம். நான் பிடித்தவை வெந்நீரில் வாய் பிளந்துகொண்டன. அவற்றை என் தட்டிலேயே போட்டார்கள்.

அவர் ஏதேதோ பேசினார். பாலைவனத்தில் முலாம்பழம் குடம் அளவு காய்க்குமாம். ஒட்டகம் ரிக் சாமான் சுமக்குமாம். எல்லாவற்றையும் வழக்கம்போலப் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்துச் சொன்னார். அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள். பெய்யுன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"மூணாவது அண்ணா, அந்த வினிகர இப்படித் தள்ளுங்க."

அவர் பேச்சு அப்படியே நின்றது.  அவர் குப்பியை எடுத்தார். தள்ளவில்லை. எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவள் கிண்ணத்தில் தானே ஊற்றினார். மேசையிலும் கொஞ்சம் ஊற்றினார்.

"போதுமா நாலு?" என்றார். அவ்வளவு சன்னமாக அந்த மனிதர் பேசி நான் கேட்டதே இல்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து என்று நாங்கள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் வந்தது எதற்கு என்று மட்டும் புரிந்தது.

அம்மா கரண்டியோடு திரும்பினாள். கரண்டியில் கொழுக்கட்டைகள், ஆவி, அதற்குப் பின்னால் அவள் முகம். நேராக அவர் கிண்ணத்தருகே வந்தாள்.

"மூணு" என்றாள். மறுபடியும் சொன்னாள். "மூணு, இன்னும் ரெண்டு வச்சுக்கோ. ரயில்ல நல்லது கெடைக்காது."

அவர் வைத்துக்கொண்டார். வயிறு முட்டச் சாப்பிட்டவர், அந்த இரண்டையும் மெதுவாக, ஒவ்வொரு கடியாகச் சாப்பிட்டு முடித்தார்.

"ஊருல பெரியம்மா காதுக்குப் போனா வருத்தப்படுவாங்களேம்மா" என்று பெய்யுன் பிறகு கேட்டாள்.

"அவளுக்கு எண்பது வயசு. காது கேக்காது" என்றாள் அம்மா.

அந்த ஆண்டு மதிப்பீட்டில் எங்கள் வட்டாரத்தின் எண் சின்னதாகப் போயிற்று. ஷிங் இரண்டு மாதம் பெய்யுனிடம் கேலி பேசவில்லை. பிறகு அவராலேயே முடியாமல் மறுபடி ஆரம்பித்தார். அந்தக் கனவு அவளுக்கு வரவில்லை. மதியத்தில் படுத்த உடனே தூங்கிவிடுகிறாள், குறட்டையும் விடுகிறாள். என் தூக்கம்தான் கெட்டது.

குளிர்காலம் வந்தது. குடியிருப்புக்கு முட்டைக்கோஸ் லாரி வந்து நின்றது. வீட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெய்யுனுக்கும் எனக்கும் அலுவலகத்தில் வேலை. அம்மாவே கைவண்டியோடு கீழே இறங்கி வந்து வரிசையில் நின்றிருக்கிறாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய முறை வந்திருந்தது. எடை போடுகிற பெண் புதியவள், பேச்சுக்காரி.

"வண்டி தள்ள ஒத்தையா வந்திருக்கீங்களேம்மா. பிள்ளைங்க எத்தன பேரு?"

இந்தக் கேள்விக்கு அம்மா 'மூணு பேரு' என்று சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பெய்யுன் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாலு" என்றாள் அம்மா. முட்டைக்கோஸின் வெளி இலையைக் கிள்ளி, உள்ளே அழுகல் இல்லை என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். "பெரியவன் யந்தாயில. ரெண்டாவது ஜிநான்ல. நாலாவது என்கூட. மூணாவது சிஞ்சியாங்ல இருக்கான். பாலைவனத்துல எண்ணெ தேடுறான்."